பின்னத்தைக் குறைத்துக் கொடுக்காதீர்கள்: தொடக்கநிலைக் கணிதப் பாடத்தை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கநிலைக் கணிதப் பாடத்திட்டத்தை வகுப்போருக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து படிக்கும் வகுப்பில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியராக இம்மடலை எழுதுகிறேன். பார்வைத்திறன் குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, கணிதக் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, கைகளை நினைத்தபடி அசைக்க இயலாத பிள்ளை, எந்தக் குறைபாட்டின் பெயரும் சூட்டப்படாமலேயே பின்தங்கி நிற்கும் பிள்ளை, சொன்னவுடன் பிடித்துக்கொள்ளும் பிள்ளை என்று எல்லோரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். முழு எண்களைக் கூட்டிக் கழிக்கும் வரை இவர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்து வருகிறார்கள். பின்னப் பாடம் தொடங்கியதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பாதி கரும்பலகையைப் பார்த்து 2/3, 3/4 ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டிருக்க, மறுபாதியின் கையில் வண்ணம் தீட்டும் தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. வட்டத்தில் பாதியை நிழலிட்டுவிட்டால் அந்தப் பிள்ளை பின்னம் படித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. இப்படிச் செய்யும் ஆசிரியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நீங்கள் வகுத்துத் தந்த பாடமும் ஒதுக்கிய நேரமும் வேறு வழியை அவருக்கு விட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தடுமாறும் பிள்ளைக்குக் கணிதத்தைக் குறைத்துக் கொடுக்காதீர்கள், அதே கணிதத்தை அடையும் வழிகளைக் கூட்டிக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இது இரக்கத்தின்பால் எழுந்த வேண்டுகோள் அன்று. பின்னம் விட்டுவிடக்கூடிய ஒரு பாடமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். உளவியல் ஆய்வாளர் ராபர்ட் சீக்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 10 வயதளவில் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒரு பிள்ளைக்கு இருந்த தெளிவு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து உயர்நிலைப் பள்ளியில் அதே பிள்ளைக்கு இயற்கணிதத்தில் இருக்கப்போகும் தேர்ச்சியை முன்கூட்டியே காட்டியது. பொது அறிவுத்திறனையும் குடும்பத்தின் வருவாயையும் பெற்றோரின் கல்வியையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. எனவே வண்ணம் தீட்டும் தாளோடு ஒரு பிள்ளையை நிறுத்திவிடும்போது, அந்தப் பிள்ளைக்குப் பின்னாளில் வரவேண்டிய விகிதம், சதவீதம், இயற்கணிதம் ஆகிய எல்லாவற்றின் வாசலிலும் நாம் இன்றைக்கே குறுக்கே நின்றுவிடுகிறோம்.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குத்தான் பின்னம் கடினம் என்ற எண்ணமும் உண்மைக்கு மாறானது. அமெரிக்காவில் 1978இல் நாடளாவிய அளவில் நடத்தப்பட்ட மதிப்பீட்டில், 12/13 + 7/8 என்பதன் விடையைத் துல்லியமாகக் கணக்கிடாமல் தோராயமாகச் சொல்லும்படி 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது. கொடுக்கப்பட்ட விடைகள் 1, 2, 19, 21. இரு பின்னங்களும் ஒன்றை ஒட்டியவை, ஆகவே கூட்டினால் இரண்டுக்குப் பக்கத்தில் வரும் என்று கண்டுகொண்டவர்கள் 24 விழுக்காட்டினர் மட்டுமே. 19 என்றும் 21 என்றும் குறித்தவர்களைச் சேர்த்தால் பாதிக்கும் மேல். அவர்கள் மேலே இருந்த எண்களையோ கீழே இருந்த எண்களையோ கூட்டியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறைபாடும் இல்லாதவர்கள். 12/13 என்பது ஓர் எண், அதற்கு ஒரு அளவு உண்டு என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மேலும் கீழுமாக எழுதப்பட்ட இரண்டு எண்களாகவே அது அவர்களின் கண்ணில் பட்டிருக்கிறது.

தடை இருப்பது அங்கேதான். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளை பழகிய விதிகளை எல்லாம் பின்னம் புரட்டிப்போடுகிறது. எட்டு நான்கைவிடப் பெரியது, ஆனால் 1/8 என்பது 1/4ஐவிடச் சிறியது. ஐந்துக்கு அடுத்து ஆறு வரும், 1/5க்கு அடுத்த பின்னம் இதுதான் என்று எதையும் சொல்ல முடியாது. ஏழு என்ற அளவை ஏழு என்று மட்டுமே எழுதிப் பழகிய பிள்ளைக்கு, பாதி என்ற ஒரே அளவை 1/2, 2/4, 50/100, 0.5 என்று எத்தனை வேடங்களில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது திகைப்பூட்டுகிறது. பெருக்கினால் பெருகும் என்று நம்பியிருந்த பிள்ளை, 8ஐ 1/2ஆல் பெருக்கி 4ஐப் பார்க்கும்போது தன் விடை தவறு என்று அழித்துவிடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் இதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறது. விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை. மனப்பாடம் கைகொடுக்காத பிள்ளை விழுவது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது பாடநூலுக்கு வருகிறேன். பெரும்பாலான நூல்கள் பின்னத்தை வட்டத்தில் தொடங்கி வட்டத்திலேயே முடிக்கின்றன. நான்கு பங்கு போட்ட வட்டத்தில் மூன்று பங்குகளுக்கு நிழலிட்டிருக்கும். பிள்ளை நிழலிட்டதை எண்ணி மேலே எழுதும், மொத்தத்தை எண்ணிக் கீழே எழுதும், விடை சரியாகிவிடும். அங்கே நடந்தது எண்ணுதல் மட்டுமே. பங்குகள் சமமாக இருக்கவேண்டும் என்பதைக்கூட அந்தப் பிள்ளை கவனித்திருக்கத் தேவையில்லை. சமமில்லாத பங்குகள் உள்ள ஒரு படத்தைக் காட்டிப் பாருங்கள், அதையும் எண்ணி எழுதிவிடும். வட்டத்தை ஐந்தாகவோ ஏழாகவோ சமமாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே கைவராத வேலை. கை நடுங்கும் பிள்ளை அதில் எதைக் கற்கும்? 7/4 என்ற பின்னம் வந்ததும், ஒரு வட்டத்தில் நான்கு பங்குகள்தானே உண்டு, ஏழை எங்கிருந்து எடுப்பது என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. அச்சிட்ட நிழலைக் காண இயலாத பிள்ளையைப் பற்றியோ, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளையைப் பற்றியோ அந்தப் பக்கத்தை வரைந்தவர் நினைத்ததாகத் தெரியவில்லை. பின்னத்துக்குப் பகுதி–முழுமை, அளவு, வகுத்தல், செயலி (ஓர் எண்ணின் மேல் செயல்பட்டு அதை மாற்றுவது), விகிதம் என்று பல முகங்கள் உண்டு எனக் கணிதக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கீரன் 1976 முதலே எழுதிவந்திருக்கிறார். நம் நூல்கள் முதல் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, மற்றவற்றை மேல் வகுப்புகளின் தலையில் கட்டிவிடுகின்றன.

வட்டத்தின் இடத்தில் நான் கேட்பது நீளமான ஒரு காகிதப் பட்டையும் ஓர் எண்கோடும்தான். ஒரே நீளமுள்ள பட்டைகளை எல்லோருக்கும் கொடுத்து, ஒன்றை மடிக்காமல் வைத்துக்கொண்டு, மற்றொன்றை இரண்டாகவும், அடுத்ததை நான்காகவும், அதற்கடுத்ததை எட்டாகவும் மடிக்கச் சொல்கிறேன். 8 பெரியது என்பதால் 1/8தான் பெரியது என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, மூன்றாம் முறை மடித்து விரித்ததும் ஒரு பங்கின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “மடிக்க மடிக்கச் சின்னதாயிட்டே போகுது” என்றது. 1/4, 1/8 போல மேலே 1 உள்ள ஓரலகுப் பின்னங்களை ஒப்பிடும் விதியை அதற்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பார்வை குறைந்த பிள்ளை நான்காக மடித்த பட்டையை இரண்டாக மடித்ததன் மேல் வைத்து, மடிப்புகளின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே போய், இரண்டு மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் நிறுத்துகிறது. 2/4ம் 1/2ம் ஒரே நீளம் என்பதைப் பார்வையுள்ள பக்கத்துப் பிள்ளைக்கு அதுவே விரலைப் பிடித்துக் காட்டுகிறது. மடிக்க இயலாத பிள்ளைக்குத் தடித்த அட்டையில் முன்கூட்டியே வெட்டிய துண்டுகள் இருக்கின்றன. எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று கண்ணாலோ தலையசைப்பாலோ அந்தப் பிள்ளை சொல்லும், அருகில் இருப்பவர் வைப்பார். கை வேறொருவருடையதாக இருக்கலாம், முடிவு அந்தப் பிள்ளையுடையதாக இருக்கவேண்டும்.

பட்டையிலிருந்து எண்கோட்டுக்குப் போவது ஒரே அடிதான். மடித்த பட்டையை ஒரு கோட்டின் மேல் வைத்து, தொடக்கத்தில் 0 என்றும் முடிவில் 1 என்றும் குறித்து, மடிப்புகள் விழும் இடங்களில் கோடிட்டால் 1/4, 2/4, 3/4 ஆகியவை தத்தம் இடங்களில் வந்து அமர்கின்றன. பட்டையைத் தூக்கி 1இலிருந்து மறுபடியும் வைத்தால் 5/4, 6/4, 7/4 வருகின்றன. ஏழை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கையை நூலிலேயே அச்சிடவேண்டும்: பிள்ளைகள் இடைவெளிகளை எண்ணுவதற்குப் பதிலாகக் குறிகளை எண்ணுவார்கள். 0 இருக்கும் குறியையே முதல் குறியாக எண்ணத் தொடங்கி, நான்காகப் பிரிந்த கோட்டை ஐந்தாகப் பிரிந்தது என்பார்கள். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு விரலைத் தாவவிட்டு, தாவலை எண்ணச் சொன்னால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். கோட்டை மேடாக எழுப்பி, குறிகளுக்கு நூலோ பசையோ ஒட்டிவிட்டால் பார்வையற்ற பிள்ளைக்கும் இதே எண்கோடு போதும்.

முழுமை எது என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடவேண்டும். சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள், குறிப்பாக ஆட்டிசம் உள்ள சிலர், நேற்று இந்த நீளத்தைப் பாதி என்றீர்கள், இன்று வேறு நீளத்தைப் பாதி என்கிறீர்களே என்று கலங்கிப்போகிறார்கள். “இன்றைக்கு நமக்கு ஒன்று என்பது இந்த நீலப் பட்டை” என்று தொடங்கினால் அந்தக் கலக்கம் எழாது. உண்மையில் அவர்கள் கேட்பது மிக ஆழமான கேள்வி. மற்றப் பிள்ளைகள் கேட்காமல் விட்டுவிட்ட கேள்வி.

தசமத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனெனில் நூல்கள் அதைப் பின்னத்தோடு எந்த உறவும் இல்லாத புதிய பாடமாக வேறொரு பருவத்தில் வைத்துவிடுகின்றன. 0.3, 0.125 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 125 பெரியது என்பதால் 0.125 என்று ஒரு கூட்டம் சொல்லும். வேறொரு கூட்டம், நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று கற்றதை வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடக்கூட எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று முடிவுகட்டி, 0.45ஐவிட 0.3 பெரியது என்னும். இரண்டாம் கூட்டம் 0.3, 0.125 கணக்கில் சரியான விடையையே எழுதியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஒரே வகைக் கணக்குகளை மட்டும் கொடுக்கும் பயிற்சிப் பக்கம் அந்தத் தவறான எண்ணத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறது. 0.5 + 0.12 = 0.17 என்றும், 3.9 + 0.1 = 3.10 என்றும், 1/4 என்பது 1.4 என்றும் எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்புகளிலும் இருக்கிறார்கள். இவை கவனக்குறைவால் வருபவை அல்ல. புள்ளிக்கு இருபுறமும் தனித்தனி முழு எண்கள் நிற்கின்றன என்ற ஒரே நம்பிக்கையிலிருந்து முறையாகக் கிளைத்தவை.

நாம் வாசிக்கும் முறையும் அந்த நம்பிக்கைக்கு நீரூற்றுகிறது. 0.25ஐப் “பூச்சியம் புள்ளி இருபத்தைந்து” என்று வாசித்தால் காதில் விழுவது 25 என்ற முழு எண். “பூச்சியம் புள்ளி இரண்டு ஐந்து” என்று வாசிப்பதோடு, தொடக்க வாரங்களிலாவது “பத்தில் இரண்டு, நூறில் ஐந்து” என்றும் சொல்லிப் பழக்கவேண்டும். தசமத்தைக் கற்பிக்கப் பணத்தை எடுத்துக்கொள்வதிலும் நான் தயங்குவேன். பணத்தில் பெரிய அலகும் சிறிய அலகும் தனித்தனியாக எண்ணப்படுவதால், புள்ளி ஒரு பிரிப்புச் சுவராகவே பிள்ளையின் மனத்தில் நின்றுவிடுகிறது. நூறில் ஒன்றுக்குக் கீழே போகவும் அதற்கு வழியில்லை.

மீட்டர் நீளப் பட்டை இதைவிடப் பலமடங்கு உதவுகிறது. ஒரு மீட்டரைப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0.1 மீட்டர், அதை மறுபடியும் பத்தாகப் பிரித்தால் 0.01, இன்னும் ஒருமுறை பிரித்தால் 0.001. 0.1 மீட்டர் துண்டுகள் மூன்றையும், 0.1 துண்டு ஒன்று, 0.01 துண்டுகள் இரண்டு, 0.001 துண்டுகள் ஐந்து ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டால் 0.3 பெரிதா 0.125 பெரிதா என்ற வழக்கைக் கைகளே தீர்த்துவிடும். அதே நீளமுள்ள பின்னப் பட்டைகளுக்கு அருகில் இந்த மீட்டர் பட்டையை வைத்தால் 1/2 இருக்கும் இடத்தில் 0.5 இருப்பதும், 1/4 விழும் இடம் 0.2க்கும் 0.3க்கும் நடுவே இருப்பதும் தெரியும். 0.2க்கும் 0.3க்கும் இடையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அங்கே 0.25ஐக் கண்டுபிடிக்கிறார்கள். பின்னமும் தசமமும் ஒரே கோட்டில் வாழ்பவை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது. 1585இல் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் ஐரோப்பாவில் தசமக் கணக்கைப் பரப்பியபோது புள்ளியே இடவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் அதன் இடத்தைக் காட்டும் எண்ணை ஒரு வட்டத்துக்குள் எழுதினார். இடமதிப்பு மறந்துபோகும் பிள்ளைகளுக்காக, இலக்கத்தின் தலைக்கு மேல் “பத்தில்”, “நூறில்” என்று சிறிதாக எழுதிக்கொள்ள நான் அனுமதிப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. தேவை தீர்ந்ததும் பிள்ளைகள் தாமாகவே அதை விட்டுவிடுகிறார்கள்.

உதவி செய்வதற்கும் கணிதத்தைக் குறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஆவணங்கள் தெளிவாக வரையறுக்கவேண்டும். 3/4, 5/6 ஆகியவற்றில் எது பெரியது, ஏன் என்பது கேள்வியானால், பட்டையை வைத்துக்கொண்டு விடை சொல்வதும், பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்துக்கொள்வதும், கட்டமிட்ட தாளில் எழுதுவதும், வாயால் சொல்வதும், கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதும் உதவி. கேள்வியையே எடுத்துவிட்டு, 1/2க்கு வண்ணம் தீட்டு என்று கொடுப்பது குறைப்பு. 7 × 8 நினைவில் நிற்காத பிள்ளைக்கு 3/4 என்ற அளவைப் பற்றிச் சிந்திக்க முடியாது என்று யாரும் நிறுவிவிடவில்லை. 1994இல் ஸ்பெயினின் சலமான்காவில் கூடிய உலக மாநாடு எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுப் பள்ளியை வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உள்ளடக்கிய கல்வியையும் அதற்கான நியாயமான ஏற்பாடுகளையும் உரிமையாகவே அறிவித்தது. வகுப்பறைக்குள் இடம் கொடுத்துவிட்டுப் பாடத்துக்குள் இடம் கொடுக்காமல் இருப்பதை அந்த உரிமையின் நிறைவேற்றம் என்று சொல்ல முடியாது.

சில ஏற்பாடுகள் மிகச் சிறியவை, ஆனால் எழுதிவைக்காவிட்டால் நடக்காதவை. ஆசிரியர் பட்டையைக் காட்டிக்கொண்டே விளக்கம் சொல்லும்போது, சைகை மொழியைப் பார்க்கும் பிள்ளை கைகளையும் பட்டையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. சொல்லி முடித்துவிட்டுக் காட்டவேண்டும், அல்லது காட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்துச் சொல்லவேண்டும். தொகுதி (பின்னத்தின் மேல் எண்), பகுதி (கீழ் எண்), சமான பின்னம் ஆகியவற்றுக்கான சைகைகளைப் பாடம் தொடங்குவதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளவேண்டும். பிரெயிலில் கணிதம் எழுத, பார்வையற்ற கணித அறிஞரான ஆபிரகாம் நெமெத் வகுத்த முறை 1952 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு எளிய பின்னம் மேலும் கீழுமாக அல்லாமல், தொடக்கக் குறி, தொகுதி, கோட்டுக் குறி, பகுதி, முடிவுக் குறி என்று ஒரே வரிசையில் ஓடுகிறது. “மேலே உள்ள எண்”, “கீழே உள்ள எண்” என்று மட்டுமே பேசும் பாடநூல் அந்தப் பிள்ளைக்கு எதையும் சொல்லவில்லை. தசமப் புள்ளியைப் பெரிதாக, இருபுறமும் சிறிது இடம்விட்டு அச்சிடுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வினாத்தாள் அமைப்போருக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் வகுப்பறை கற்பிக்கும். பொதுப் பகுதி கண்டுபிடித்துக் கூட்டும் பத்துக் கணக்குகளுக்குப் பதிலாக, கூட்டல் ஐந்தும், எண்கோட்டில் இடம் குறிப்பது, விடை ஒன்றைவிடப் பெரிதா சிறிதா என்று கணக்கிடாமலே சொல்வது, ஒருவர் செய்த தவறான கணக்கில் தவறு எங்கே என்று காட்டுவது ஆகியவற்றில் ஐந்தும் கேளுங்கள். விதியை ஒப்பித்தே முன்னேறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இவை கடினமாக இருக்கும். விதியை மறந்துவிடும், ஆனால் அளவை உணர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதுவே தன் அறிவைக் காட்டக் கிடைக்கும் முதல் வாய்ப்பாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். சமான பின்னத்திலிருந்து வேறுபட்ட பகுதிகள் கொண்ட பின்னங்களின் கூட்டலுக்கு இரண்டே பாடவேளைகளில் தாவும் அட்டவணையை வைத்துக்கொண்டு, எல்லோரையும் உள்ளடக்குங்கள் என்று எங்களைக் கேட்பதில் பொருளில்லை. பின்னங்களைப் பெருக்குவதையும் வகுப்பதையும் மேல் வகுப்புக்குத் தள்ளிவைத்தால் கிடைக்கும் வாரங்களைப் பட்டைக்கும் எண்கோட்டுக்கும் கொடுத்துவிடலாம். சிறப்பாசிரியர் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்று தனியாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, வகுப்பாசிரியரோடு வாரத்தில் ஒரு பாடவேளை அமர்ந்து பாடத்தைத் திட்டமிட்டு, வகுப்புக்குள்ளேயே உடனிருந்து கற்பிப்பதற்கு அட்டவணையில் இடம் ஒதுக்குங்கள்.

அடுத்த திருத்தப் பதிப்பின் பின்னப் பாடமும் தசமப் பாடமும் அச்சுக்குப் போவதற்கு முன், அவற்றின் வரைவை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் சில வகுப்பறைகளுக்கு அனுப்புங்கள். பிரெயிலில் படிப்பவர் ஒருவரும் சைகை மொழி அறிந்தவர் ஒருவரும் அதை வரிக்குவரி பார்த்துத் திருத்தட்டும். உங்களில் ஒருவராவது நேரில் வந்து, எந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளை நின்றுவிடுகிறது என்று பின்வரிசையில் அமர்ந்து குறித்துக்கொள்ளட்டும். அதற்கு என் வகுப்பைத் தேர்ந்தெடுத்தாலும் மகிழ்ச்சியோடு கதவைத் திறந்துவைப்பேன்.

இப்படிக்கு,
தொடக்கநிலைக் கணித ஆசிரியர் ஒருவர்